நான் தப்பாக வாசித்த வரி

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுக்கிறேன் என்றால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. கடல் எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தமானில் பதினான்கு வருடம் பயிற்றுநராக இருந்தேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பதினைந்து நாள் விடுப்பில் வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். அம்மா நான்கு வருடம் படுக்கையில் இருந்து போனார். அண்ணன் கனடாவில். காரியமெல்லாம் முடிந்து அவன் விமானம் ஏறிய பிறகு, மூன்றாவது மாடியில் அந்த வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். தீவுக்குத் திரும்பியிருக்கலாம். ஏன் போகவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது.

அந்தமானில் என்னிடம் உதவியாளராக இருந்தவர் ஒருவர் புதுச்சேரியில் சொந்தமாக டைவிங் கடை போட்டிருந்தார். அவர்தான் ஒருநாள் போன் செய்தார்.

"மேடம், திருச்சி பக்கம் இருந்து நிறைய பேர் கேக்கறாங்க. தியரியும் நீச்சல்குளப் பயிற்சியும் நீங்க அங்கயே முடிச்சிடுங்க. கடலுக்கு மட்டும் இங்க கூட்டிட்டு வாங்க."

துவாக்குடி போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை எங்களுக்கு விட்டார்கள். பத்து மணிக்குமேல் குழந்தைகளும் ரப்பர் வளையங்களுமாகக் குடும்பங்கள் வந்துவிடும். நான் உபகரணங்களைக் கழுவிக் காயவைத்துவிட்டு, குளத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடுவேன். அந்த வாரத்தில் நான் பேசிய பேச்சில் முக்கால்வாசி அந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கும். மற்ற நாட்களில் பால்காரருக்கு ஒரு வார்த்தை, காய்கறிக்காரம்மாவுக்கு இரண்டு வார்த்தை. சில வியாழக்கிழமைகளில் போனை எடுத்துப் பேசும்போது குரல் கரகரவென்று வரும். அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

எனக்கும் அந்தக் கடைக்காரருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. நான் மாணவர்களுக்கு அட்டவணை சொல்லிக்கொடுப்பேன். அவர் வேண்டாம் என்பார்.

கடலுக்கு அடியில் அழுத்தம் அதிகம். அங்கே சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே போகும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டி இருந்துவிட்டு நேரே மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது உடம்புக்குள் குமிழியாகக் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். அந்த வரம்பைச் சொல்வதுதான் அட்டவணை. உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் நெருக்கமாகச் சின்னச் சின்ன எண்கள். முதல் முறை எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், பிறகு படகில் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தோம், இப்போது உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இரண்டாம் முறை எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று விரல் வைத்துக் கட்டம் கட்டமாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

டைவ் கம்ப்யூட்டர் இதையெல்லாம் தானே செய்துவிடும். கைக்கடிகாரம்போல் மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் போதும். நொடிக்கு நொடி ஆழத்தைப் பார்த்து, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். வேகமாக மேலே வந்தால் கத்தும்.

"இப்ப யாருமே டேபிள் சொல்லிக்குடுக்கறதில்ல மேடம். பாடத்துலயே அது கட்டாயம் இல்லன்னு ஆயிடுச்சு. முதல் நாளே கம்ப்யூட்டரைக் கையில கட்டி விட்டுடலாம். எதுக்கு அவங்களைக் கணக்குப் போட்டுக் கஷ்டப்படுத்தறீங்க?" என்பார் கடைக்காரர்.

"பேட்டரி போனா?"

"மேல வந்துட வேண்டியதுதான். அன்னிக்கு டைவ் முடிஞ்சது. டேபிளை வச்சு என்ன பண்ணப் போறாங்க?"

நான் ஆனாலும் விடவில்லை. கம்ப்யூட்டர் சொல்வதை மட்டும் கேட்பவருக்கு அது ஏன் சொல்கிறது என்று தெரியாது என்று வாதாடினேன். அது உண்மைதான். ஆனால் உள்ளே வேறு ஒரு காரணமும் இருந்தது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் எங்கள் கடையில் கம்ப்யூட்டர் கிடையாது. கூட மூழ்கப் போகிறவரும் நானும் படகில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து கணக்குப் போடுவோம். இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தால்தான் தண்ணீரில் இறங்குவோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆளுக்கொன்று. அவரவர் மணிக்கட்டை அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த முட்டி இடிக்கும் நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க மனமில்லை. இதையெல்லாம் நான் கடைக்காரரிடம் சொன்னதில்லை.

சில பகல்களில் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நானாக ஒரு டைவை இட்டுக்கட்டி, அட்டவணையை வைத்து விடை கண்டுபிடிப்பேன். குறுக்கெழுத்துப் போடுவதுபோல. சரிபார்க்க ஆள் கிடையாது. சரியாகத்தான் போடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தை மாதத்து வகுப்பில் மூன்று பேர் சேர்ந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளம் தம்பதி. இன்னொருவர் துறையூரிலிருந்து வந்த அக்கா. ஐம்பத்து நான்கு வயது, என்னைவிட எட்டு வயது பெரியவர். துறையூர் கடைவீதியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருந்தார். முதல் நாள் சேலையில், கையில் ஒரு வயர் கூடையோடு வந்து நின்றார். மகளைக் கொண்டுவிட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நான்தாங்க கத்துக்க வந்திருக்கேன்," என்றார். "என் பொண்ணு ஆஸ்திரேலியாவுல இருக்கா. லீவு விட்டா கடலுக்குள்ளயே கிடக்கா. அம்மா நீ வந்தா உன்னையும் கூட்டிட்டுப் போவேன், கத்துட்டு வான்னு சொல்லிட்டா."

"நீச்சல் தெரியுமாக்கா?"

"கெணத்துல அடிச்சதுதான். மோட்டார் ரூம் மேல ஏறிக் குதிப்போம்."

குளத்தில் இறக்கினால் மூச்சு அவ்வளவு நிதானமாக இருந்தது. தம்பதியின் சிலிண்டர் பாதி ஆகும்போது அக்காவினுடையதில் கால்வாசிகூடக் குறைந்திருக்காது. அட்டவணையோ அவருக்கு விளையாட்டு. அந்தத் தம்பதி தலையைப் பிய்த்துக்கொண்டபோது, அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, விரலை வைத்து நேரே விடைக்குப் போய்விடுவார்.

"கடையில தினமும் இதே வேலைதாங்க. எந்தப் பயிரு, எத்தனை நாளு, ஏக்கருக்கு எத்தனை மில்லி. ஒரு வரி மாறிப் பாத்துட்டா வயல் கருகிப் போயிடும்," என்றார்.

மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து அவருக்கு ஒரு டைவ் கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தாள். அம்மாவின் வயதை உத்தேசித்துக் வழக்கத்தைவிடக் குறைந்த நேரமே காட்டும்படி கொஞ்சம் கெடுபிடியாகவே அதை அமைத்து அனுப்பியிருந்தாள். அக்கா அதைக் கட்டிக்கொண்டே வகுப்புக்கு வருவார். நான், "முதல்ல டேபிள்ல போடுங்க, அப்புறம் அதைப் பாக்கலாம்," என்பேன். அவரும் அப்படியே செய்வார். வகுப்பு முடிந்து தம்பதி பைக்கில் கிளம்பிவிடுவார்கள். அக்காவுக்குத் துறையூர் பஸ்ஸுக்கு அவசரமில்லை. என்னோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த தோசையில் இரண்டை என் தட்டில் வைப்பார். வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது என்று ஒருநாள் சொன்னார். என்னைப் பற்றி எதுவும் துருவிக் கேட்டதில்லை. அதனாலேயே அந்த ஞாயிறுகளை நான் புதன்கிழமையிலிருந்தே எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

மாசி மாதக் கடைசியில் நால்வரும் புதுச்சேரி போனோம். முதல் நாள் இரண்டு டைவ் நன்றாக முடிந்தன. மறுநாள் காலை கடைசி இரண்டு. முதலாவது பதினெட்டு மீட்டர். மேலே வந்து படகில் ஓய்வெடுத்தோம். அலை கொஞ்சம் கூடியிருந்தது. அந்த இளைஞனுக்கு வாந்தி தொடங்கியது. அவனைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கும். இரண்டு பேரும் பலகையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்களைப் படகிலேயே விட்டுவிட்டு, இரண்டாவது டைவுக்கு அக்காவும் நானும் மட்டும் இறங்குவது என்று முடிவானது.

நான் அட்டையை எடுத்து முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். வெயில் பிளாஸ்டிக்கில் பட்டுக் கூசியது. படகு ஆடியது. விரலை வைத்து வரியைப் பிடித்தேன். "நாப்பத்தஞ்சு நிமிஷம்க்கா," என்றேன்.

அக்கா தன் அட்டையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "எனக்கு முப்பத்து மூணு வருதுங்களே டீச்சர்."

"ரெஸ்ட் எடுத்த நேரத்தைச் சரியா எடுத்தீங்களா?"

"எடுத்தேன்னுதான் நெனைக்கறேன்."

"படகு ஆடுதில்ல, அதான். நாப்பத்தஞ்சுதான். நான் பாத்துக்கறேன், வாங்க."

இருவருக்கும் ஒரே எண் வந்தால்தான் இறங்க வேண்டும் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவருடைய அட்டையை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அக்கா முகமூடியை மாட்டிக்கொண்டார்.

கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. புதுச்சேரிக் கடல் அப்படி வாய்ப்பது அபூர்வம். பதினாறு மீட்டரில் பாறையை ஒட்டி மெதுவாகப் போனோம். மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பியபோது அக்கா இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு அப்படியே நின்று பார்த்தார். அன்று நான் கம்ப்யூட்டர் கட்டியிருக்கவில்லை. கடையில் ஒன்று கொடுத்தார்கள். வேண்டாம் என்று கடிகாரமும் ஆழமானியும் மட்டும் எடுத்துக்கொண்டேன். மாணவர்களுக்கு அட்டவணையைச் சொல்லிவிட்டு நான் மட்டும் கம்ப்யூட்டர் கட்டினால் நன்றாக இருக்காது என்பது என் வீம்பு.

இருபத்தொன்பதாவது நிமிடத்தில் அக்கா என் தோளைத் தொட்டார். திரும்பினேன். கட்டைவிரலை மேலே காட்டினார். மேலே போகலாம் என்பதற்கு அதுதான் சைகை. நான் கடிகாரத்தைக் காட்டி, இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல் கையசைத்தேன். அவர் மறுபடியும் கட்டைவிரலைக் காட்டினார். முகத்தில் பயம் இல்லை. கை மட்டும் அசையாமல் நின்றது.

யார் மேலே போகலாம் என்றாலும் ஏன் என்று கேட்கக்கூடாது, உடனே கிளம்ப வேண்டும். இதை நான்தான் முதல் வகுப்பிலேயே சொல்வேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்ல தண்ணீரை விட்டுவிட்டுப் போவதா என்று. ஆனாலும் கிளம்பினோம். நைட்ரஜன் கொஞ்சம் வெளியேற வழக்கம்போல் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, பிறகு மேலே வந்தோம்.

படகில் ஏறியதும், "என்னாச்சுக்கா, காது வலிச்சுதா?" என்றேன்.

அக்கா படுத்திருந்த தம்பதியைப் பார்த்தார். படகு ஓட்டுபவரைப் பார்த்தார். "இல்லீங்க டீச்சர். போதும்னு தோணுச்சு," என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

தம்பதி புதுச்சேரியிலேயே இன்னும் ஒருநாள் தங்குவதாகச் சொன்னார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு அக்காவும் நானும் திருச்சி பஸ் ஏறினோம். விழுப்புரம் தாண்டும் வரை அவர் கடையைப் பற்றியும் வேலைக்கு வைத்திருக்கும் பெண்ணைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். பிறகு வயர் கூடையிலிருந்து தன் அட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்தார். கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"இதைப் போட்டு ஒரு தடவை பாருங்க."

வாங்கிப் போட்டேன். சின்ன எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றன. அவை அவ்வளவு கருப்பாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. விரல் வைத்துப் போனேன். முப்பத்து மூன்று. இன்னொரு முறை போனேன். முப்பத்து மூன்றுதான். நாங்கள் ஓய்வெடுத்த நேரத்துக்கான வரியை விட்டு, கீழே தள்ளி வேறு வரியைப் படித்திருக்கிறேன். எடுக்காத ஓய்வைக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை. வெட்கம். காது மடல் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பார்த்தபடியே, "கீழ உங்க கம்ப்யூட்டர்ல எவ்வளவு மிச்சம் இருந்துது?" என்று கேட்டேன்.

"நாலு நிமிஷம் காட்டுச்சு."

"படகுலயே சொல்லியிருக்கலாமேக்கா. உங்க கணக்குதான் சரி."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேங்க. எத்தனை வருசமா செய்யறவங்க நீங்க. எனக்கே என் கணக்கு மேல சந்தேகம் வந்துடுச்சு." மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "இதுக்கு டீச்சர், மாணவின்னெல்லாம் தெரியாது பாருங்க. யாரு சொன்னாலும் அது விட்டுக்குடுக்கல."

அவர் குத்திச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆனால் அத்தனை நாள் கடைக்காரரோடு வாதாடியதில் எனக்குத் தோன்றாத ஒன்று அது. அட்டவணை தப்பில்லை. அக்கா போட்டதும் தப்பில்லை. தப்பாக வாசித்தவள் நான். அதைத் தட்டிக்கேட்க மரியாதை தடுத்தது அவரை. தாட்சண்யம் இல்லாத ஒரு பொருள் எங்களுக்கு நடுவில் இருந்ததால் இருவரும் நேரத்தோடு மேலே வந்தோம். ஒருவேளை அந்தப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். எத்தனையோ பேர் தப்பித்திருக்கிறார்கள். அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவரைக் கடலுக்கடியில் நிறுத்த எனக்கு உரிமை இல்லை.

"கண்ணு எத்தனை நாளா இப்படி?" என்று அக்கா கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். மருந்து அட்டையில் தேதி பார்க்க மொட்டைமாடிக்குப் போகிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக நடந்ததால் எதுவுமே எனக்குப் படவில்லை.

"தெரியலக்கா. வீட்ல யாராவது இருந்தா சொல்லியிருப்பாங்க," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அக்கா வயர் கூடையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டு வந்தது. பெரம்பலூர் வரை அப்படியே வந்தோம். திருச்சிக்குச் சற்று முன்னால் நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கினோம். துறையூர் பஸ் தயாராக நின்றது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தபோது, "கடையில ரெடிமேடா கிடைக்கும். நாளைக்கே வாங்கிடுங்க. டாக்டர்கிட்டயும் காட்டுங்க," என்று சொல்லிவிட்டு, "போயிட்டு வரேங்க," என்று ஏறிக்கொண்டார். நான் எதிர்ப்பக்கம் போய் ஸ்ரீரங்கம் டவுன் பஸ் பிடித்தேன்.

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்களா மேடம்?"

"நான்தான்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"அந்தப் பையனுக்கும் பொண்ணுக்கும் இன்னிக்குச் சொல்லப்போறேன்."

"விடுங்க மேடம். அவங்க தண்ணியிலயே இறங்கலையே."

"இறங்கியிருந்தா அவங்களையும் அதே கணக்குலதான் கூட்டிட்டுப் போயிருப்பேன்," என்றேன். தான் சொன்னதுதான் சரி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக அவரை இன்னும் மதிக்கிறேன். தம்பதிக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். பரவாயில்லை மேடம் என்று ஒரு வரி வந்தது.

இப்போது கம்ப்யூட்டர் கட்டாமல் நான் தண்ணீரில் இறங்குவதில்லை. முகமூடிக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் சின்னதாகப் படிக்கும் லென்ஸ் ஒட்டிக் கொடுக்கிறார்கள், அது போட்டுக்கொண்டேன். வகுப்பில் முதல் நாளே கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடுகிறேன். அட்டவணையை விடவில்லை, ஒரே ஒரு ஞாயிறு அதற்கு. அதில் ஒரு மாற்றம் உண்டு. மாணவர்கள் எல்லோரும் விடையை எழுதி முடித்த பிறகுதான் என் விடையைச் சொல்கிறேன். ஒத்துப்போகவில்லை என்றால் என்னுடையதைத்தான் முதலில் சரிபார்க்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு இது கூச்சமாக இருக்கிறது. டீச்சர் கணக்கையா என்கிறார்கள்.

அந்த வருடம் ஆனி மாதம் அக்கா ஆஸ்திரேலியா போனார். மகளோடு கடலுக்குள் போய்விட்டு வந்து, அன்றே கூப்பிட்டார். பின்னால் காற்று இரைந்தது. ஆமை ஒன்று பக்கத்தில் வந்து போனதைச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டபோது, மகளுக்கு முழுகாமல் இருக்கிறது, பிரசவம் வரை இங்கேதான் என்றார். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறாராம். வைக்கும்முன், "கண் டாக்டர்கிட்ட போனீங்களா இல்லையா?" என்று கேட்டார். ரெடிமேட் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டதை ஒப்புக்கொண்டேன். குழந்தை பிறந்த பிறகு அவர் கூப்பிடுவது குறைந்தது. இப்போது எப்போதாவது குழந்தையின் படம் வரும். துறையூருக்குத் திரும்பும் பேச்சு இல்லை.

டாக்டரிடம் போன மாதம்தான் போனேன். தில்லைநகரில் ஒரு கண் மருத்துவமனை. பெயரெழுதும் மேசையில் இருந்த பெண் பெயர், வயதெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, "கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள்.

"யாரும் வரல."

"சொட்டு மருந்து விட்டா மூணு நாலு மணி நேரத்துக்குக் கண்ணு மங்கலாத்தான் இருக்கும் மேடம். வண்டியெல்லாம் ஓட்டக்கூடாது. யாராச்சும் வரச் சொல்லுங்களேன்."

"பஸ்ல போயிடுவேன்மா. நீங்க விடுங்க."

அவள் படிவத்தில் ஏதோ எழுதினாள். சொட்டு விட்டார்கள். நீளப் பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு பக்கமும் யார் யாரையோ யார் யாரோ கைபிடித்துக் கூட்டிப்போனார்கள். வெள்ளெழுத்து மட்டும்தான், வேறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆஸ்திரேலியாவில் அப்போது மணி என்ன என்று பார்க்கப் போனை எடுத்தேன். எழுத்து எதுவும் தெரியவில்லை.

சத்திரம் பஸ் நிலையத்தில், பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் வந்த பஸ் ஸ்ரீரங்கம் போகுமா என்று கேட்டேன். போகும் என்று சொல்லி, என் முழங்கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். அவர் அந்த பஸ்ஸில் வரவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஆறு தெரியவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை வெளிச்சம் மட்டும் இருந்தது. என் நிறுத்தம் வந்தால் சொல்லுங்கள் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.